மாடிப்படி இல்லாத வீட்டு மணி

டிரைவர் வீட்டில் மாடி கிடையாது. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முன்னறை, படுக்கையறை இரண்டு, சமையலறை, பின்பக்கம் குளியலறை. எல்லாம் ஒரே தரை. வாசலில் மட்டும் ஒரு படி இருந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அதையும் உடைத்துச் சரிவாகப் பூசிவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வருடமே இடப்பக்கம் விழுந்துவிட்டது. நான் நீரேற்று நிலையத்தில் தொட்டியின் மட்டத்தையும் குழாயின் அழுத்தத்தையும் குறித்து வந்தவன். எனக்கு விழுந்தது வலப்பக்கம். எங்கள் இருவரையும் ஒட்டி நிற்க வைத்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவர்தான் முதலில் சொன்னார்.

அவரை நான் முதன்முதலில் பார்த்தது மருத்துவமனையின் உடற்பயிற்சிக் கூடத்தில். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பெரிய உடம்பு, அதற்குத் தகுந்த குரல். சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு துணி. பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்த பழக்கம் விட்டுப்போகவில்லை.

"இடது காலைப் பாருங்க, டிரைவர் சார்" என்றார் பயிற்சி தரும் பெண்.

"எந்தக் கால்?"

"இடது."

"அது இன்னிக்கு வந்திருக்கா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவர் வேடிக்கைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவருடைய கண்ணில் குறை எதுவும் இல்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்துவிட்டது. தட்டில் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, தீர்ந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். "அத்தனை வருஷம் இடது பக்கம்தான் ஆளை ஏத்தி இறக்கினேன் ரிஜிஸ்டர்" என்பார் என்னிடம். "இப்ப அந்தப் பக்கமே கதவைச் சாத்திட்டுப் போயிடுச்சு."

ரிஜிஸ்டர் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். நான் எதையும் குறித்து வைத்துக்கொள்வதால்.

அந்த மருத்துவமனையின் பக்கவாத வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நோயாளிகள் எல்லோருக்கும் ஒரு கைமணி கொடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும், கறுப்புப் பிடி. படுக்கையிலிருந்து ஆளைக் கூப்பிடுவதற்கு. பேச்சு போனவர்களுக்காக ஆரம்பித்த ஏற்பாடு, பிறகு எல்லோருக்குமானது. எனக்கும் கொடுத்தார்கள்.

"உங்க குரலுக்கு எதுக்கு மணி?" என்று ஒருமுறை கேட்டேன். "தெருமுனை வரைக்கும் கேக்குமே."

"ஹாரன் இருக்கறப்ப எவனாவது ஜன்னல்ல தலையை விட்டுக் கத்துவானா?"

அவரைக் கூட்டி வந்திருந்த மருமகள் பக்கத்தில் நின்றிருந்தாள். "சர்வீஸ்ல அடிச்ச ஹாரனுக்கு மேல வீட்டுல அடிச்சாச்சு சார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை டிரைவர் பிற்பாடு திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்.

மருமகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். மாமனார் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டாள். டிரைவரின் மகனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். டிரைவரின் மனைவி காலமாகிப் பல வருடமாகிறது. பகலில் வீட்டில் இந்த இரண்டு பேர், அந்த மணி. அவ்வளவுதான்.

இனி ஆய்வுக்கு வருகிறேன்.

பக்கவாதம் வந்து வீடு திரும்பியவர்களையும், வீட்டில் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவு பேட்டி எடுத்திருந்தது. பேசியதைப் பேசியபடியே தட்டச்சு செய்து கட்டுக் கட்டாக வைத்திருந்தார்கள். அந்தத் தாள்களைப் படித்து, எது முக்கியம், எது எதோடு சேரும் என்று பிரித்து முடிவு எழுதுவது அதுவரை ஆய்வாளர்களின் வேலை. இந்த முறை, அதே நிலையில் இருக்கும் நோயாளிகளும் கூட உட்கார்ந்து படிக்கட்டும் என்று தீர்மானித்திருந்தார்கள். நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். டிரைவர், நான், தையற்கடை வைத்திருந்த ஒரு அம்மா, ஒரு கல்லூரி கேன்டீனில் சமையல் மாஸ்டராக இருந்தவர். தையலம்மாவுக்குக் கை கால் நன்றாக இருந்தது. சொல்தான் ஒவ்வொன்றாக, தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மாஸ்டர் எங்களில் இளையவர், நாற்பதுதான். அவருக்கு வலது கை போய்விட்டது. வாய் போகவில்லை.

எங்களைக் கூப்பிட்ட ஆய்வாளர் ஒரு பெண். முதல் நாளே டிரைவர் அவரிடம் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் ஊசி போடற டாக்டர் இல்லைங்க. படிச்சு வாங்கின டாக்டர்."

"அப்போ பேப்பர் டாக்டர்" என்றார் டிரைவர்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் அறை துணி வெளுக்கும் பிரிவுக்கு அடுத்தது. இயந்திரம் சுற்றும்போது சுவர் வழியாக அதிர்வு மேசைக்கு வரும். தேநீர்க் குவளைகளில் வட்டம் வட்டமாக அலை எழும். ஆளுக்கு ஒரு பிரதி, ஒரு வண்ணப் பென்சில். மனதில் பட்ட இடத்தில் கோடு போட வேண்டும். ஓரத்தில் ஒரு சொல் எழுத வேண்டும். பிறகு எல்லோருடைய சொற்களையும் துண்டுத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டி, சேருவதைச் சேர்த்துப் பிரிப்போம். டிரைவருடைய பிரதியின் இடது ஓரத்தில் மட்டும் சிவப்பு நாடா ஒட்டியிருக்கும். அந்தச் சிவப்பு தெரியும்வரை கண்ணை இழுத்துக்கொண்டு போனால்தான் வரியின் ஆரம்பம் அவருக்குக் கிடைக்கும். "டெர்மினஸ் வந்தாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்த வரிக்குத் திரும்புவார்.

இரண்டு விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டோம். படித்த தாளும் அதைப் பற்றிய பேச்சும் அந்த அறையைத் தாண்டக்கூடாது. பேட்டி கொடுத்தவர் யாரென்று அடையாளம் தெரிந்துவிட்டால், அந்தக் கணமே தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிவிட வேண்டும். ஊர், பெயர், உறவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்கள். பேசுவது மகளா, மருமகளா, கணவரா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் விதி விதிதான்.

மூன்றாவது விதி எழுத்தில் இல்லை. அது பேப்பர் டாக்டரின் வாயில் இருந்தது. ஒரு பேட்டியில் ஒரு நோயாளி, வெளியே போவதையே நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

"புள்ளைங்க கூட்டிட்டுப் போக மாட்டேங்குதுங்க" என்றார் டிரைவர்.

"எந்த வரியில இருக்கு?"

"வரியில இல்லம்மா. ஆனா எனக்குத் தெரியுது."

"உங்களுக்குத் தெரியறது இவங்க கதையா, உங்க கதையா டிரைவர் சார்? வரியைக் காட்டுங்க."

அவர் விரல் வைத்துத் தேடினார். பிள்ளைகள் எங்கேயும் இல்லை. வேறொன்று கிடைத்தது. செருப்பு மாட்டுவதற்குள் பஸ் போய்விடும் என்று அந்த நோயாளி சொல்லியிருந்தார். டிரைவர் அதை இரண்டு முறை படித்தார்.

"நான்தான் நிறுத்தாம போயிருப்பேன்" என்றார்.

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்தப் பேட்டியைப் பேப்பர் டாக்டர் 'நடை' என்ற தலைப்பில் வைத்திருந்தார். அதை எடுத்து, 'காத்திருக்க ஆள் இல்லை' என்று புதிய துண்டு எழுதி ஒட்டினார். எங்களுக்கு அவர் வரியைப் பார்க்கச் சொல்லித் தந்தார். வரிக்குள் இருக்கும் மனிதர் அவசரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பதை டிரைவர் காட்டினார். அந்த அறையில் வேலை இப்படித்தான் நடந்தது. ஒருவர் பிடித்த நூலை இன்னொருவர் இழுப்போம்.

மணிப் பேட்டி வந்தது அதற்குப் பிறகு. பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் கொடுத்த பேட்டி. கீழே நான் எழுதுபவை, அவருடைய சம்மதத்தோடு ஆய்வறிக்கையில் அச்சான வரிகள் மட்டும். அச்சாகாத எந்தப் பேட்டி வரியையும் நான் இங்கே சேர்க்கவில்லை; அறையில் நாங்கள் பேசியதையும் எல்லோரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

'மணி அடிக்கறது தப்புன்னு சொல்லல. எதுக்கு அடிக்கறாங்கன்னு தெரியாம ஓடறதுதான். விழுந்துட்டாங்களோன்னு மாடிப்படியில ஓடி இறங்குவேன். வந்து பாத்தா ஃபேனைக் கொஞ்சம் குறைன்னுவாங்க. ஒவ்வொரு தடவையும் உயிர் போய்ட்டு வரும். இப்பல்லாம் அடிக்காதப்பவும் காதுல கேக்குது. வேலையை விட்டுட்டேன். அதைப் பத்தி அவங்க கேக்கறதும் இல்ல, நான் சொல்றதும் இல்ல. இதையெல்லாம் எப்படிச் சொல்றது? சொன்னா மணியையே தொட மாட்டாங்க. விழுந்து கிடந்தாலும் தொட மாட்டாங்க.'

அன்றைக்கு டிரைவரின் பென்சில் நகரவேயில்லை. தேநீர் ஆறிப்போய் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, பிஸ்கட் வேணாமா?" என்றார் மாஸ்டர்.

டிரைவர் தட்டையே அவர் பக்கம் தள்ளிவிட்டார். நடக்காத காரியம் அது.

"இன்னிக்கு என்ன, எல்லாரும் வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு வந்திருக்கீங்களா?" என்று பேப்பர் டாக்டர் கேட்டுப் பார்த்தார். உண்மையில் நாங்கள் நான்கு பேருமே அன்று அதிகம் பேசவில்லை. ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிட்டோம். கூட்டக் குறிப்பில் 'டிரைவர் கருத்துக் கூறவில்லை' என்று முதல்முறையாக எழுதினேன்.

அடுத்த கூட்டத்தன்று நான் போனபோது, டிரைவர் ஏற்கனவே அறைக்குள் இருந்தார். மருமகள் வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சார், மாமா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்திம்மா?"

"என் மேல கோவமா இருக்காரோ என்னவோ. மணி அடிக்கறதே இல்ல. தண்ணி வேணுமான்னு கேட்டா, நீ உன் வேலையைப் பாரும்மாங்கறார். எனக்கு இவரை விட்டா என்ன சார் வேலை?"

மணியின் நாக்கில் அவர் தன் சட்டைப்பைத் துணியைச் சுற்றி வைத்திருந்ததை அவள் கண்டுபிடித்திருந்தாள். முந்தின நாள் ஊன்றுகோலோடு தனியாகக் குளியலறைக்குப் போயிருக்கிறார். இடது கால் அதன் கதவு நிலையில் இடித்திருக்கிறது. விழாமல் இருக்கக் குழாயைப் பிடித்திருக்கிறார். குழாய் கையோடு வந்துவிட்டது.

"தண்ணி பீச்சி அடிக்குது சார். நடுவுல உக்காந்திருக்கார். ஏன் மாமா கூப்பிடலன்னா, குளிக்கலாம்னு வந்தேங்கறார். சட்டை, பேன்ட்டு, வாட்சோட யாராவது குளிப்பாங்களா?"

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது.

"அதை விடுங்க. இவர்கிட்ட ஒரு பராமரிப்பு இல்லத்தோட விலாசம் விசாரிச்சுட்டு வரச் சொன்னாராம்." இவர் என்றது தன் கணவரை. "அங்க போய் இருந்துக்கறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்னாராம். நான் என்ன சார் பண்ணிட்டேன்? யாராவது ஏதாவது சொல்லிட்டாங்களா?"

போன கூட்டத்தில் படித்த தாளின் வேலைதான் இது என்று எனக்கு ஒரு ஊகம் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டிருந்தேன். "உள்ள போய்ப் பாக்கறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

எல்லோரும் உட்கார்ந்ததும் டிரைவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பது லேசான காரியம் இல்லை என்பதால் நாங்களும் பேச்சை நிறுத்தினோம்.

"நான் இன்னிக்கோட நின்னுக்கறேன்மா. விதியை மீறிட்டேன்."

"எந்த விதி?" என்றார் பேப்பர் டாக்டர்.

"போன தடவை படிச்சது என் மருமக பேச்சு. தெரிஞ்ச உடனே கவுத்து வெச்சிருக்கணும். வெக்கல. கடைசி வரி வரைக்கும் படிச்சேன். படிக்காம இருக்க முடியல." கொஞ்சம் நிறுத்தினார். "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை முகம் சுளிச்சதில்ல. மனசுக்குள்ள இவ்வளவு வெச்சிருக்கு. ஒரு இல்லம் பாத்திருக்கேன். போயிடலாம்னு இருக்கேன்."

பேப்பர் டாக்டர் முகம் மாறாமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. "அது யார்னு நான் சொல்ல மாட்டேன் டிரைவர் சார். யார் இல்லன்னும் சொல்ல மாட்டேன். அதுவும் விதிதான்."

"நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

"இல்ல" என்றது ஒரு குரல்.

தையலம்மா. அவர் சொல் தேடும்போது நாங்கள் காத்திருப்போம், காத்திருந்தோம்.

"என்... வீட்டுக்காரர்."

"என்னக்கா சொல்றீங்க?" என்றார் மாஸ்டர். "அது என் தங்கச்சி. அவ பேச்சு எனக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குறிப்பெடுப்பதை நிறுத்தினேன். அது என் மனைவி என்று அன்றிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன், சொன்னேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருங்க" என்றார் பேப்பர் டாக்டர் மெதுவாக. "உங்க மணியெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"பீரோ" என்றார் தையலம்மா.

"தலகாணிக்கு அடியில" என்றார் மாஸ்டர்.

என்னுடையது மேசை இழுப்பறைக்குள் இருந்தது. டிரைவருடையதற்குத் துணி கட்டியிருந்தது. விழுந்தாலும் மணியைத் தொட மாட்டார்கள் என்று அந்த யாரோ ஒருவர் பயந்தாரே, அதையே நான்கு வீட்டிலும் செய்து வைத்திருந்தோம்.

"யாராவது விழுந்திருந்தா?" என்றார் பேப்பர் டாக்டர். "படிக்கக் குடுத்தேன். படிச்சுட்டு என்ன மனசோட வீட்டுக்குப் போறீங்கன்னு நான் கேக்கவே இல்ல." பிறகு தன் பிரதியைத் திருப்பி அந்தப் பக்கத்தை எடுத்தார். "சரி. டிரைவர் சார், உக்காருங்க. வரியைக் காட்டுங்க. உங்க மருமகதான்னு எந்த வரி சொல்லுது?"

டிரைவர் விரலை வைத்தார். "மணி."

"மணி எல்லாருக்கும் ஆஸ்பத்திரி குடுத்தது."

"ஃபேன்."

"ஃபேன் இல்லாத வீடு எது?"

"வேலையை விட்டது."

"வீட்டுக்காரர்... கடை... மூடி" என்றார் தையலம்மா.

"என் தங்கச்சியும் டைப்பிங் வேலையை விட்டுட்டா" என்றார் மாஸ்டர்.

விரல் மேலே போயிற்று. சிவப்பு நாடா வரை போய்த் திரும்பி வந்து, ஒரு சொல்லில் நின்றது.

"மாடிப்படி" என்றார் பேப்பர் டாக்டர். "உங்க வீட்டுல மாடி இருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். "அடையாளம் தெரியக் கூடாதுன்னு நீங்க மாத்துவீங்கன்னு சொன்னீங்களே. பேரை எடுத்த மாதிரி, மாடியைச் சேத்திருக்கீங்கன்னு நினைச்சேன்."

"டிரைவர் சார், நாங்க பேரை எடுப்போம், உறவை எடுப்போம். வீட்டு மேல மாடியெல்லாம் கட்டித் தர மாட்டோம்."

முதலில் சிரித்தது தையலம்மா. அவருக்குச் சிரிப்புத் தேடாமலே வரும். பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை. மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்களோடது ஒரே ரூம் அண்ணே. எங்க ஓடி இறங்கறது? நானும் மாத்திட்டாங்கன்னுதான் நினைச்சேன்." தையலம்மா வீட்டிலும் என் வீட்டிலும்கூட மாடி இல்லை. பொருந்தியதையெல்லாம் எங்கள் வீடு என்று எடுத்துக்கொண்டு, பொருந்தாததை ஆய்வாளர்களின் கைவேலை என்று ஒதுக்கியிருந்தோம். தாளில் எழுதியிருப்பதைத் தவிர எதையும் ஏற்காதவன் என்ற பெயரோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான்.

டிரைவரின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என் வீட்டுல அந்தப் பொண்ணு என்ன நினைக்குதுன்னு எனக்கு இன்னும் தெரியாது."

"தெரியாது" என்றார் பேப்பர் டாக்டர்.

"இந்தக் கட்டுல எங்கயாவது இருக்குமா?"

"இதுல தேடாதீங்க டிரைவர் சார். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

கதவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். அவர் வெளியே போவதற்காகக் கதவைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது இடது கை, கனமான கதவு, விட்டால் அவர்மேல் மூடும். அதனால் அடுத்து நடந்ததைக் கேட்க நேர்ந்தது. அவர்கள் இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஊன்றுகோலின் முனையைத் தரையில் திருகினார்.

"உன்னை யாராவது பேட்டி எடுத்தாங்களாம்மா?"

"இல்லையே மாமா. ஒருதரம் போன் வந்துச்சு. உங்களுக்கு மாத்திரை எடுத்துட்டிருந்தேன், அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன். ஏன்?"

"அதைச் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்." பெருமூச்சு விட்டார். "அந்த மணி இருக்கே. உனக்கு அது எப்படி இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நிஜமாச் சொல்லவா?"

"சொல்லு."

"அடிச்சா சில நேரம் எரிச்சலா வரும். அடிக்கலைன்னா பயமா இருக்கு. எரிச்சலே பரவாயில்ல மாமா."

அவர் ஊன்றுகோலைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"ஆனா ஒண்ணு. அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து நிப்பேன். எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துட்டேங்கறீங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல. மறதிக்கும் டாக்டரைப் பாக்கணுமோன்னு இவர்கிட்டகூடச் சொல்லிட்டிருந்தேன்."

ஊன்றுகோல் திருகுவது நின்றது.

"மறக்கலம்மா."

"அப்புறம்?"

"சும்மாதான் கூப்பிட்டேன். வீடு சத்தமே இல்லாம இருந்துச்சு."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சும்மான்னா சும்மான்னு சொல்லுங்களேன் மாமா. வந்து உக்காந்து ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போறேன். அதுக்கு எதுக்கு மறதி வேஷம்? அந்த இல்லத்து விலாசம் எதுக்குக் கேட்டீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வலப்பக்கம் நான் தெரிந்தேன்.

"அது... ரிஜிஸ்டருக்காகக் கேட்டேன்."

நான் மறுக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் தெரிந்தே திருத்தாமல் விட்ட தவறான பதிவு அது ஒன்றுதான்.

மணிக்கு ஒரு ஒழுங்கு வைக்கலாம் என்று முதலில் சொன்னவள் மருமகள். எந்த ஒழுங்கு என்று சொன்னவர் டிரைவர். கண்டக்டர் ஒரு மணி அடித்தால் வண்டியை நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் போகலாம். அதே கணக்கு. ஒன்று என்றால், கையில் இருப்பதை நிறுத்திவிட்டு வா. இரண்டு என்றால், நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டே இரு, முடிந்தால் வா, சும்மாதான். விடாமல் அடித்தால், விழுந்துவிட்டேன். "சும்மாவுக்கு ஒண்ணு வெச்சுக்கலாமே" என்று மருமகள் கேட்டதற்கு, "ஒண்ணு கேட்டா என் கால் பிரேக்கைத் தேடும்மா" என்று மறுத்துவிட்டார். இல்லத்தைப் பற்றிய பேச்சு அன்றோடு நின்றது. குழாயை மகன் மாற்றினான். கூடவே ஒரு கைப்பிடியும் பதித்தான்.

அந்தப் பேட்டிக்குத் தலைப்பு வைத்தது தையலம்மா. இரண்டே சொல். 'எதுக்கு மணி?' அதையே அறிக்கையிலும் போட்டார்கள். இப்போது அந்த வார்டில் மணியை நோயாளியின் கையில் மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, எத்தனை அடித்தால் என்ன அர்த்தம் என்று இருவரும் பேசி முடித்த பிறகே கொடுக்கிறார்கள். டிரைவரின் கணக்கையே அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மாஸ்டர் சம்மதிக்கவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் பஸ்ஸா ஓட்டறோம்? அவங்கவங்க பேசி வெச்சுக்கட்டும். பேசறதுதானே இங்க விஷயம்" என்றார். அதுவே முடிவானது. எங்கள் கூட்டமும் மாறியது. கலைவதற்கு முன், இன்றைக்கு எந்த வரி உங்களோடு வீட்டுக்கு வருகிறது என்று பேப்பர் டாக்டர் ஒவ்வொருவரையும் கேட்காமல் விடுவதில்லை. பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் தனி மேசை போட்டார்கள். மருமகள் இப்போது பெஞ்சில் காத்திருப்பதில்லை. அரை நாள் கண்ணாடிக் கடை, கூட்ட நாளில் அந்த மேசை. டிரைவர் வரியில் இல்லாத எதையாவது ஊகமாக அடித்துவிட்டால், அங்கிருந்தே "வரியைக் காட்டுங்க மாமா" என்பாள்.

மாடிப்படியில் ஓடி இறங்கிய அந்த மனிதர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியவும் கூடாது. மாடிப்படிக்காரங்க என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்கிறோம். அவர் தன் வீட்டில் சொல்ல முடியாததை ஒரு ஒலிப்பதிவுக் கருவியிடம் சொன்னார். அது நான்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. என் மனைவிக்கும் எனக்கும் நடுவில் அதுவரை பேசப்படாமல் இருந்த சில விஷயங்கள் பேசப்பட்டன. அவை அறிக்கையில் இல்லை, இங்கேயும் வேண்டாம். அவருக்கு நன்றி. வரியைக் காட்டச் சொன்ன பேப்பர் டாக்டருக்கு நன்றி. தப்பாகப் படித்ததை எழுந்து நின்று சொன்ன டிரைவருக்குத்தான் எல்லோரையும்விட அதிகம். அவர் வாயை மூடிக்கொண்டு இல்லத்துக்குப் போயிருந்தால், நாங்கள் மூன்று பேரும் மணியை ஒளித்து வைத்துக்கொண்டு அப்படியே இருந்திருப்போம்.

எழுதி முடித்ததும் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"மாடி இல்லன்னு போட்டீங்களா?"

"முதல் வரியே அதுதான்."

"குழாய் கையோட வந்ததையும் போட்டுட்டீங்க."

"நடந்ததுதானே."

"போடுங்க, போடுங்க. பழைய குழாய்னும் சேத்துப் போடுங்க." அவர் கேட்டுக்கொண்டபடி இதையும் பதிவு செய்கிறேன்: அது பழைய குழாய்.

பிறகு பக்கத்தில் இருந்த மணியை எடுத்து இரண்டு முறை அடித்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் தொடர்ந்து கேட்டது, தண்ணீர் நின்றது, கோப்பைகள் உரசின. மருமகள் மூன்று தேநீரோடு வந்து எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள்.